மாடி அறை வைஃபை: ஒரு பேரேடு

மாதம் 699 ரூபாய்க்கு 100 மெகாபிட். 999 ரூபாய்க்கு 150 மெகாபிட். ஜியோ ஃபைபர் 2020 செப்டம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விலைப்பட்டியலில் அடுத்தடுத்து நின்ற இரண்டு வரிகள் இவை. இடைவெளி 300 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 354. ஆண்டுக்கு 4,248 ரூபாய். மாடி அறையில் லேப்டாப்புக்கு வைஃபை விட்டுவிட்டு வருகிறது என்று பிளானை உயர்த்துகிறவர் இந்தத் தொகைக்கு வாங்குவது, கீழே ஹாலில் இருக்கும் ரூட்டர் வரைக்கும் வந்து சேரும் கூடுதல் 50 மெகாபிட். அறுந்து போவதோ ரூட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவே உள்ள எட்டு மீட்டரில். அங்கே இந்த 4,248 ரூபாயில் ஒரு பைசாகூட எட்டிப் பார்ப்பதில்லை.

வேகம் உண்மையில் எவ்வளவு வேண்டும்? ஜூமில் பலர் கூடும் 720பி கூட்டத்துக்குப் போக்கு விநாடிக்கு 2.6 மெகாபிட், வரத்து 1.8 மெகாபிட். நெட்ஃப்ளிக்ஸில் 1080பி படம் பார்க்க 5 மெகாபிட். அப்பா செய்தி பார்க்க, பிள்ளை வகுப்பில் இருக்க, இன்னொருவர் படம் பார்க்க, எல்லாம் சேர்த்தாலும் 15 மெகாபிட்டைத் தாண்டுவது கஷ்டம். அதே பட்டியலில் 399 ரூபாய்க்குக் கிடைத்த 30 மெகாபிட் பிளானே இதற்குப் போதும். ஆகவே பிளான் கணக்கை மூடிவைத்துவிட்டு வேறொரு பேரேட்டைத் திறக்க வேண்டும். அதில் ரூபாய்க்குப் பதில் செலவாகும் நாணயம் டெசிபெல்.

அதற்கு முன் 100 விநாடி செலவழித்து ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்வது நல்லது: கோளாறு காற்றிலா, கம்பியிலா? விண்டோஸில் கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறந்து ரூட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, நூறு ‘பிங்’ அனுப்ப வேண்டும். விநாடிக்கு ஒன்று. பக்கத்திலேயே இன்னொரு திரையில் வெளியுலகுக்கு, கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு, நூறு. ரூட்டர் பதில் சொல்ல ஆரோக்கியமான வைஃபையில் 1 முதல் 5 மில்லிவிநாடி ஆகும். நூற்றில் ஒன்றுகூடத் தொலையக் கூடாது. அது சரியாக இருந்து வெளியே போவது மட்டும் தடுமாறினால் லேப்டாப் குற்றமற்றது. ரூட்டருக்கே போக 200, 400 என்று எகிறி நடுநடுவே பதிலே வராமல் போனால் கோளாறு வீட்டுக்குள்தான்.

கம்பிப் பக்கம் சந்தேகம் என்றால் இன்னொரு எண் இருக்கிறது, அதைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. ஃபைபர் இணைப்புப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஒளி வரவு எவ்வளவு என்று டிபிஎம் அளவில் எழுதியிருக்கும். பரவலாகப் பயன்படும் ஜிபான் பி-பிளஸ் வகைப் பெட்டிக்கு அது -8 முதல் -27 வரை இருக்கலாம். -28, -29 என்று காட்டினால் எங்கோ ஃபைபர் மடங்கியிருக்கிறது, அல்லது இணைப்பு முனையில் அழுக்கு. லைன்மேன் வந்தே ஆக வேண்டும். “நெட் ஸ்லோவா இருக்கு” என்று சொல்வதைவிட “ஒளி வரவு -29 காட்டுது” என்று சொன்னால் கஸ்டமர் கேரில் “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்” கட்டத்தைச் சற்று சீக்கிரம் கடக்கலாம்.

கோளாறு காற்றில் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி டெசிபெல். இந்த நாணயத்துக்கு இரண்டே விதிகள்: 3 டெசிபெல் போனால் சக்தி பாதியாகும், 10 போனால் பத்தில் ஒன்றாகும். 1 மில்லிவாட்டுக்குப் பெயர் 0 டிபிஎம். வீட்டு ரூட்டர் ஒன்று 100 மில்லிவாட் அனுப்புகிறது என்றால் அதன் கையிருப்பு 20 டிபிஎம். லேப்டாப்பில் -70 டிபிஎம் வந்து சேர்கிறது என்றால் நடுவில் 90 டெசிபெல் செலவு. அனுப்பியதில் 100 கோடியில் ஒரு பங்குதான் கைக்கு வந்திருக்கிறது. அதிலும் வைஃபை ஓடும், அதுதான் அதிசயம்.

விண்டோஸ் இந்த எண்ணை நேராகக் காட்டாமல் சதவீதமாக்கிக் காட்டும். மாற்றுவது எளிது: மைக்ரோசாஃப்ட்டின் கணக்கில் -100 டிபிஎம் பூஜ்யம், -50 டிபிஎம் நூறு. 80 சதவீதம் என்றால் -60. 60 சதவீதம் என்றால் -70. 50 சதவீதம் -75. ‘பாதி சிக்னல் இருக்கிறதே’ என்று நிம்மதி கொள்கிற இடம் உண்மையில் விளிம்பு.

இப்போது மாடி அறையின் கணக்கை எழுதலாம். ரூட்டர் கீழே ஹாலில். லேப்டாப் மேலே, நேர்கோட்டில் 8 மீட்டர். நடுவே 15 சென்டிமீட்டர் கான்கிரீட் தளம் ஒன்று, 23 சென்டிமீட்டர் செங்கல் சுவர் ஒன்று. தூரத்தின் செலவு இயற்பியல் வாய்பாடு: 5 கிகாஹெர்ட்ஸ் அலை முதல் மீட்டரிலேயே 47 டெசிபெல் இழக்கும், 8 மீட்டரில் 65. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இதே தூரத்துக்கு 58. சுவர்களுக்கு, பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.2040 பரிந்துரை கட்டுமானப் பொருள்களின் மின்பண்புகளைத் தருகிறது. அதில் போட்டுப் பார்த்தால் செங்கல் சுவர் இரு அலைக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான் கேட்கிறது, 5 முதல் 7 டெசிபெல். கான்கிரீட் அப்படியில்லை: 2.4-க்கு 7 முதல் 10, 5-க்கு 13 முதல் 18. உள்ளே கிடக்கும் கம்பியைச் சேர்க்காத கணக்கு இது. கான்கிரீட்டுக்கு மேல் எல்லையையும் செங்கலுக்கு நடுவில் உள்ள 6-ஐயும் எடுத்துக்கொண்டு, லேப்டாப்பின் ஆன்டெனா, மேசை, குறுக்கே நிற்கும் ஆள் என்று சில்லறைச் செலவுக்கு 5 வைத்தால்:

5 கிகாஹெர்ட்ஸ்: 20 − 65 − 18 − 6 − 5 = -74 டிபிஎம்
2.4 கிகாஹெர்ட்ஸ்: 20 − 58 − 10 − 6 − 5 = -59 டிபிஎம்

ஒரே ரூட்டர், ஒரே அறை, 15 டெசிபெல் வித்தியாசம். அதாவது 30 மடங்கு. ‘5ஜி’ என்று பெயரில் ஒட்டியிருப்பதே வேகமானது என்று நம்பி, மேலேயும் அதிலேயே இருப்பவர் -74-இல் உட்கார்ந்திருக்கிறார். (அந்தப் பெயருக்கும் செல்போன் 5ஜிக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதை எத்தனை முறை சொன்னாலும் போதாது.)

-74 என்பது எவ்வளவு மோசம்? 2013-இல் வந்த 802.11ஏசி தரநிலை, 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பேசும் கருவி குறைந்தபட்சம் -76 வரை கேட்க வேண்டும் என்கிறது. நல்ல சில்லுகள் இன்னும் சில டெசிபெல் கீழேயும் கேட்கும். ஆனாலும் தரநிலைப்படி மிச்சம் 2 டெசிபெல்தான். யாராவது கதவைச் சாத்தினால் போயிற்று. அந்த 2 டெசிபெல் விளிம்பில் கிடைக்கும் வேகம் 29 மெகாபிட். இதே ரூட்டரில் அகலத்தை 80-லிருந்து 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தால் கேட்கும் எல்லை -82 ஆகும். மிச்சம் 8 டெசிபெல். -74-இல் வேகம் 26 மெகாபிட். மூன்று மெகாபிட்டை விட்டுக்கொடுத்து ஆறு டெசிபெல் வாங்குகிறோம்; சிக்னல் சரிந்தால் அறுபடாமல் 19, 13, 6 என்று இறங்கிப் பிழைத்துக்கொள்ளப் படிகளும் கிடைக்கின்றன. விலை பூஜ்யம் ரூபாய். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘சேனல் விட்த்’ என்று இருக்கும் ஒரு கட்டத்தை மாற்றினால் முடிந்தது. ஆனால் பெட்டியில் அச்சடித்த வேகம் குறைந்து தெரியும் என்பதால் இதை யாரும் சிபாரிசு செய்வதில்லை.

பெட்டி எண்ணைப் பற்றியும் ஒரு வரவு எழுதிவிடலாம். ‘ஏசி1200’ என்பது 2.4-இல் 300, 5-இல் 867, கூட்டினால் 1,167, அதைத் தாராளமாக முழுமையாக்கியது. லேப்டாப் ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றில்தான் இருக்கும். ‘ஏஎக்ஸ்1500’ என்பது 300-உம் 1,201-உம். இந்த 867, 1,201 எல்லாம் லேப்டாப்பில் இரண்டு ஆன்டெனா இருந்தால்தான். விலைகுறைந்த சில லேப்டாப்களில் ஒன்றே உண்டு, அதற்கு ஏசியில் உச்சம் 433. ரூட்டரில் ஆறு கொம்பு முளைத்திருந்தாலும் இது மாறாது. கிடைக்கிற இணைப்பு வேகத்திலும் பாதியைச் சற்று தாண்டியதே கையில் நிற்கும். மீதி கைகுலுக்கலுக்கும் காத்திருப்புக்கும் போகும்.

அந்த 18 டெசிபெல் தளச் செலவைத் தவிர்க்க முடியுமா? முடியும். ரூட்டரை டிவி ஸ்டாண்டின் பின்னாலிருந்து எடுத்துப் படிக்கட்டுத் திருப்பத்தில், தளம் திறந்திருக்கும் இடத்தில் வைத்தால் அலை கான்கிரீட்டுக்குள் போக வேண்டியதில்லை. கணக்கு 20 − 65 − 6 − 5 = -56. 80 மெகாஹெர்ட்ஸில் -56-க்குத் தரநிலை தரும் வேகம், ஒரே ஆன்டெனா கணக்கில், 292 மெகாபிட். 29 எங்கே, 292 எங்கே! செலவு பத்துப் பதினைந்து மீட்டர் ‘கேட் 6’ கேபிள், சுமார் 400 முதல் 700 ரூபாய். பீரோவுக்குப் பின்னாலோ மீன் தொட்டிக்குப் பக்கத்திலோ ரூட்டரை வைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை: இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் குடித்துவிடும்.

ரூட்டரின் சக்தியைக் கூட்டினால் என்ன என்று கேட்கலாம். இந்தியாவில் 2005 ஜனவரி அறிவிக்கை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆன்டெனா சேர்த்து 4 வாட் வரை அனுமதிக்கிறது. ஆனால் பேச்சு இருவழி. லேப்டாப் பதில் சொல்வது பெரும்பாலும் ரூட்டரைவிடத் தணிந்த குரலில்; 15 டிபிஎம், அதாவது 32 மில்லிவாட் என்று வைத்துக்கொள்ளலாம். ரூட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் அதற்குக் காது கூர்மையாகிவிடாது. கோடுகள் நிறைந்து தெரிந்தும் பக்கம் திறக்காத அந்த எரிச்சலுக்குப் பல நேரம் இதுவே காரணம்: கோடுகள் காட்டுவது வரவை மட்டும்.

சரி, 2.4-க்கு மாறி -59 வாங்கிவிட்டோம். பிறகும் அறுபடுகிறதே? இங்கேதான் பேரேட்டின் அடுத்த பக்கம், இரைச்சல். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அமைதியான அறையின் இரைச்சல் மட்டம் சுமார் -95. அப்படியானால் -59 சிக்னல் 36 டெசிபெல் மேலே நிற்கிறது, ராஜ வாழ்க்கை. ஆனால் 2.4-இன் மொத்த இடமே 83.5 மெகாஹெர்ட்ஸ். ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் 1, 6, 11 என்று மூன்று சேனல்தான் கொள்ளும். 5 கிகாஹெர்ட்ஸில் இந்தியா 2018 அக்டோபரில் உரிமமின்றித் திறந்துவிட்டது 605 மெகாஹெர்ட்ஸ், ஏழு மடங்குக்கு மேல். ஆகவே ஊர்க்கூட்டம் முழுக்க 2.4-இல்தான்.

அடுக்குமாடியில் இதன் விலையைக் கணக்கிடலாம். ஒவ்வொரு ரூட்டரும் 102.4 மில்லிவிநாடிக்கு ஒருமுறை ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அறிவிக்கும். 250 பைட் அளவுள்ள அந்த அறிவிப்பைப் பழைய வழக்கப்படி விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் சொன்னால் 2.2 மில்லிவிநாடி ஆகும். காற்றின் நேரத்தில் 2 சதவீதம். ஒரே சேனலில் 15 பெயர்கள் தெரிந்தால், யாரும் எதையும் பார்க்காமல் தூங்கிக்கொண்டிருக்கும்போதே 30 சதவீதம் போய்விட்டது. சேனலை ‘ஆட்டோ’வில் விடாமல், செல்போன் செயலி ஒன்றில் கூட்டம் குறைந்ததைப் பார்த்து 1, 6, 11-இல் ஒன்றைக் கையால் வைப்பது நல்லது. 2.4-இல் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைப்பவர் இருக்கிற இடத்தில் கிட்டத்தட்டப் பாதியைத் தானே அடைத்துக்கொள்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் திட்டுவது இவருக்குக் கேட்காது, இவருடைய லேப்டாப்புக்குக் கேட்கும்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் இரைச்சல் இன்னும் சுவாரசியமானது. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது 2,450 மெகாஹெர்ட்ஸில், அந்த 83.5-இன் நட்டநடுவில். ஆனால் அது சாட்சியம் விட்டுச்செல்லும் குற்றவாளி; சாம்பார் சூடாகும் இரண்டு நிமிடம் மட்டும்தான் தொல்லை. யுஎஸ்பி 3.0 அப்படியில்லை. இன்டெல் 2012-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றே இதை ஒப்புக்கொண்டது: விநாடிக்கு 5 கிகாபிட் ஓடும் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க், கேபிள், இணைப்பு முனை ஆகியவற்றின் அருகே 2.4 கிகாஹெர்ட்ஸ் இரைச்சல் 20 டெசிபெல் வரை உயர்கிறது. நூறு மடங்கு. -95 இருந்த மட்டம் -75 ஆகிவிடும். 36 டெசிபெல் மேலே நின்ற நம் சிக்னலுக்கு மிச்சம் 16. ஹார்ட் டிஸ்கில் பேக்கப் ஓடும்போது மட்டும் நெட் சுருங்குகிறது, வயர்லெஸ் மவுஸ் இழுத்து இழுத்து நகர்கிறது என்றால் வேறு ஆராய்ச்சி வேண்டாம். டிஸ்கை எதிர்ப்பக்கத் துளைக்கு மாற்றுங்கள், அல்லது நூற்றைம்பது ரூபாய் நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள். சிறு வைஃபை டாங்கிளை யுஎஸ்பி ஹப்பில் பென்டிரைவுக்குப் பக்கத்தில் செருகியிருப்பவர்களுக்கு இந்த நீட்டிப்பு வயர் புது ரூட்டரைவிட அதிகம் தரும்.

லேப்டாப்பின் பக்கத்துக் கணக்கு சிறியது. முதலில், பேட்டரியில் மட்டும் அறுபடுகிறதா, சார்ஜரிலும் அறுபடுகிறதா? பேட்டரியில் மட்டும் என்றால் மின்சேமிப்பு அமைப்பு வைஃபை அட்டையை அடிக்கடி தூங்கவைக்கிறது. விண்டோஸில் அதற்கு நான்கு படிகள்; முழுத்திறனுக்கு மாற்றி, ‘டிவைஸ் மேனேஜரில்’ அந்த அட்டையை அணைக்கும் உரிமையையும் பறித்துவிடலாம். பேட்டரிக்கு என்ன நஷ்டம்? 45 வாட்மணி பேட்டரி, 9 வாட் இழுக்கும் லேப்டாப், ஐந்து மணி நேரம். தூங்காத அட்டை கூடுதலாக 0.3 வாட் எடுக்கும் என்று வைத்தாலும் குறைவது பத்து நிமிடம்.

அடுத்து ஒரு மீட்டர் சோதனை. ரூட்டரிலிருந்து ஒரு மீட்டரில் லேப்டாப்பை வையுங்கள். 20 − 47, சில்லறை போக, -30-களில் இருக்க வேண்டும். விண்டோஸ் 100 சதவீதம் காட்ட வேண்டும். அங்கேயே 70, 80 என்று காட்டினால் ஆன்டெனா வயர் கழன்றிருக்கிறது. திரையின் ஓரத்தில் ஓடும் இரண்டு ஆன்டெனாக்களிலிருந்து வரும் மெல்லிய வயர்கள் அட்டையில் பொத்தான் போல அமுங்கி நிற்கும். அந்த முனைகளுக்கு உத்தரவாதமே 30 முறை கழற்றி மாட்டுவதற்குத்தான். கீல் உடைந்தோ ஃபேன் தூசி தட்டவோ சர்வீஸுக்குப் போய் வந்த பிறகு தொடங்கிய கோளாறு என்றால் முதல் சந்தேகம் இங்கே. அமுக்கி மாட்ட ஒரு நிமிடம்.

எப்போது, ஏன் அறுந்தது என்று தெரிய வேண்டுமானால் ‘நெட்ஷ்’ கட்டளையில் வைஃபை அறிக்கை கேட்டால் விண்டோஸ் கடைசி மூன்று நாள் வரலாற்றைக் காரணத்தோடு எழுதித் தரும். 5 கிகாஹெர்ட்ஸில் சரியாக ஒரு நிமிடம் காணாமல் போய்த் திரும்பி வந்தால் ரூட்டர் ரேடாருக்கு இடம்விட்டு விலகியிருக்கலாம்; அத்தகைய சேனலில் மீண்டும் பேசத் தொடங்கும் முன் அது 60 விநாடி கவனித்துக் கேட்க வேண்டும். 36 முதல் 48 வரை உள்ள நான்கு சேனல்களில் நிறுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

காசு போட்டே ஆக வேண்டிய இடம் கடைசியில். வைஃபை அட்டையே கிழடு என்றால் எம்.2 வகைப் புது அட்டை சுமார் 2,000 ரூபாய். சில பிராண்டுகளின் பழைய மாடல்கள் வேறு அட்டையை ஏற்காது என்பதைக் கேட்டுக்கொண்டு வாங்க வேண்டும். யுஎஸ்பி டாங்கிள் 500 முதல் 1,500. விரல்நுனி அளவுள்ளதில் ஆன்டெனாவும் அந்த அளவுதான். ரிப்பீட்டர் ஒரே சேனலில் வாங்கி அதிலேயே திருப்பிச் சொல்வது என்றால் வேகம் பாதி. அதையும் சிக்னல் செத்த அறையில் வைக்காமல் -65-க்குக் குறையாத இடத்தில் வைக்க வேண்டும். செத்த இடத்தில் வைத்தால் கோடுகளை மட்டும் நிரப்பும். இரட்டை மெஷ் பெட்டி 6,000-க்கு மேல். இரண்டுக்கும் நடுவே கேபிள் இழுக்க முடிந்தால் அந்தக் காசு பலிக்கும், இழுக்க முடியாவிட்டால் அதற்கும் அதே 18 டெசிபெல் கான்கிரீட்தான்.

கேபிள் இழுக்க முடிகிற வீட்டில் மெஷ்ஷும் தேவையா என்பது என் சந்தேகம். லேப்டாப்பில் ஈதர்நெட் துளை இல்லையென்றால் யுஎஸ்பி அடாப்டர் ஆயிரம் ரூபாய்க்கு முன்பின். 20 மீட்டர் ‘கேட் 6’ இன்னொரு ஆயிரம் என்றே வைப்போம். கிகாபிட் வேகம் 100 மீட்டர் வரை குறையாது. கீழே ரூட்டரில் ஒரு முனை, ஜன்னல் விளிம்பு வழியாக மாடி அறை மேசையில் மறுமுனை. தேர்வு எழுதும் பிள்ளைக்கும் நேர்காணலில் உட்காருகிறவருக்கும் வேறு எதையும் நான் சிபாரிசு செய்வதில்லை. 4,248-இல் 2,000 கழித்தால் மிச்சம் 2,248 ரூபாய். அதுவும் முதல் ஆண்டுக்கு மட்டும்.